முடக்குவாதத்தில் ரத்தசோகை: இரும்பு மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

முடக்குவாதம் உள்ளவரின் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10 என்று வந்தால் வழக்கமாக இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். ஒன்று, ‘ரத்தம் கம்மியா இருக்கு, இதைச் சாப்பிடுங்க’ என்று ஓர் இரும்புச்சத்து மாத்திரை. இன்னொன்று, ‘வாதம் இருக்கிறவங்களுக்கு ரத்தம் கொஞ்சம் குறைச்சலாத்தான் இருக்கும்’ என்ற சமாதானம். முதல் பதிலால் பலருக்குப் பலன் இருக்காது. இரண்டாவது சிலருக்கு ஆபத்தாக முடியும். மூட்டு அழற்சியே ரத்தசோகையை உண்டாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மூட்டுக்காகச் சாப்பிடும் வலி மாத்திரை குடலில் ரத்தம் கசிய வைக்கலாம். அதே மூட்டுக்காகச் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் எலும்பு மஜ்ஜையை முடக்கலாம். மூன்றிலும் பரிசோதனைத் தாளின் முதல் வரி ஒன்றேதான். வைத்தியம் மட்டும் வெவ்வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்குக் கீழும், கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும் போனால் ரத்தசோகை. முடக்குவாத நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. நோய் கடுமையாக இருக்கும் காலத்தில் இன்னும் அதிகம். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது மூட்டுவலி தொடங்கும் நாளிலேயே பாதிப் பேருக்கு இரும்புக் கையிருப்பு காலியாக இருக்க வாய்ப்புண்டு. இரும்பு போதுமான அளவு இருக்கும் உடம்பை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடநூல் விளக்கத்தை அப்படியே இங்கே பொருத்தினால் கணக்கு தப்பும்.

இரும்பு இருக்கிறது, வெளியே வரவில்லை

வளர்ந்தவர் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும். அதில் பாதிக்கு மேல் சிவப்பணுக்களுக்குள். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் ஓடி மூப்படைந்ததும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அதை விழுங்கி, இரும்பைப் பிரித்து மறுபடி ரத்தத்தில் விடுகின்றன. புதுச் சிவப்பணுக்கள் செய்ய எலும்பு மஜ்ஜைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது வெறும் 1 முதல் 2 மில்லிகிராம். மீதி முழுவதும் இந்தப் பழைய இரும்புதான். எனவே மறுசுழற்சி நின்றால், எத்தனை நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் மஜ்ஜை பட்டினிதான்.

விழுங்கணுவிலிருந்தும் குடல் செல்லிலிருந்தும் இரும்பு வெளியேற ஒரே ஒரு வழி உண்டு. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம் அது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் இந்த ஃபெரோபோர்ட்டினோடு ஒட்டிக்கொண்டால் செல் அதை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். இரும்பு உள்ளேயே அடைபட்டுப் போகும். ஹெப்சிடினுக்கு அந்தப் பெயர் வந்தது 2001இல். அது ஃபெரோபோர்ட்டினை எப்படி அழிக்கிறது என்று தெரிந்தது 2004இல். ஹெப்சிடினைச் சுரக்கத் தூண்டுபவற்றில் முக்கியமானது இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள். நல்ல ஆரோக்கியமுள்ள தன்னார்வலர்களுக்கு அதை நரம்பில் ஏற்றிப் பார்த்தபோது சில மணி நேரத்திலேயே ஹெப்சிடின் எகிறி, ரத்தத்தில் இரும்பின் அளவு இறங்கியது. வீங்கிய மூட்டுச் சவ்வில் இதே பொருள்தான் இரவும் பகலும் உற்பத்தியாகிறது.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? கிருமிகள் பெருக இரும்பு வேண்டும். தொற்று வந்தால் இரும்பைப் பூட்டி வைப்பது நல்ல தற்காப்பு. முடக்குவாதத்தில் கிருமியே இல்லை. ஆனாலும் பூட்டு விழுந்து வருடக்கணக்கில் திறக்காமலே கிடக்கிறது.

இது ஒன்றே காரணம் இல்லை. ஹீமோகுளோபின் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபோயட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து மஜ்ஜையை முடுக்க வேண்டும். அழற்சி உள்ளவர்களிடம் அது தேவையான அளவு சுரப்பதில்லை. சுரந்தது மஜ்ஜையில் வேலை செய்வதும் மந்தம். சிவப்பணுவின் ஆயுளும் சற்றுக் குறைகிறது.

இப்படி வரும் அழற்சி ரத்தசோகைக்கு ஓர் அடையாளம் உண்டு. அது மெதுவாக வரும், மிதமாக நிற்கும். ஹீமோகுளோபின் பெரும்பாலும் 9க்கும் 11க்கும் இடையில் இருக்கும். மூட்டு வீக்கம் கூடினால் இறங்கும், வீக்கம் அடங்கினால் ஏறும். 8க்குக் கீழே போய்விட்டால், அல்லது இரண்டு மாதத்தில் 2 கிராம் இறங்கிவிட்டால், பழியை அழற்சியின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நகரக் கூடாது.

மூன்று தாள்கள்

எண்களை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். கீழே வருபவை விளக்கத்துக்காக எழுதிய மாதிரிகள். இதே வடிவத் தாள்கள் மூட்டுநோய்ப் பிரிவுகளில் வழக்கமாகப் பார்ப்பவைதான்.

முதல் தாள்: ஹீமோகுளோபின் 10.1. சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவான எம்.சி.வி. 84. அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 38 மில்லிகிராம். ஃபெரிட்டின் 220. ரத்தத்தில் இரும்பு 32 மைக்ரோகிராம், இரும்பைத் தாங்கும் திறனான டி.ஐ.பி.சி. 230. இரும்பை டி.ஐ.பி.சி.யால் வகுத்து நூறால் பெருக்கினால் டிரான்ஸ்ஃபெரின் செறிவு கிடைக்கும். இங்கே 14 சதவீதம். 20க்குக் கீழ் என்றால் மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை. ஆனால் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தாராளமாக இருக்கிறது. டி.ஐ.பி.சி.யும் தாழ்ந்தே இருக்கிறது. இது சுத்தமான அழற்சி ரத்தசோகை. இவருக்கு இரும்பு மாத்திரை கொடுத்தால் மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரும், ஹீமோகுளோபின் ஏறாது. இவருக்கு வேண்டியது மூட்டு மருந்தைச் சரிசெய்வது.

இரண்டாம் தாள்: ஹீமோகுளோபின் 9.2. எம்.சி.வி. 74. சி.ஆர்.பி. 35. இரும்பு 28, டி.ஐ.பி.சி. 340, செறிவு 8 சதவீதம். ஃபெரிட்டின் 62. ஆய்வகம் ஃபெரிட்டினின் இயல்பு அளவு 15 முதல் 150 என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து ‘இரும்பு நார்மல்’ என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஃபெரிட்டின் சேமிப்பை மட்டும் காட்டுவதில்லை. அழற்சி இருந்தாலே தானாக உயரும். ஆரோக்கியமான பெண்ணுக்கு 62 போதும். சி.ஆர்.பி. 35 உள்ளவருக்கு 62 என்றால் சேமிப்பு உண்மையில் காலி. அழற்சி இருப்பவர்களுக்கு 100க்குக் கீழ் இருந்து, செறிவும் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் இரும்புக் குறைபாடு உண்டு என்றே பெரும்பாலான மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் அழற்சி உள்ள பெரியவர்களுக்கு 70 என்ற எல்லையை வைத்தது. எந்த எல்லையை எடுத்தாலும் இந்த இரண்டாம் தாள் கலப்பு வகைதான்: பூட்டும் உண்டு, கிடங்கும் காலி. இவருக்கு இரும்பும் வேண்டும்; அதைவிட முக்கியமாக, அந்த இரும்பு எங்கே போனது என்ற விசாரணையும் வேண்டும்.

100க்கும் 200க்கும் நடுவே ஃபெரிட்டின் நின்று குழப்பினால், கரையும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற பரிசோதனை உதவும். அது அழற்சியால் பெரிதாக மாறுவதில்லை. இரும்புப் பற்றாக்குறை இருந்தால் உயரும். பெரிய ஆய்வகங்களில்தான் கிடைக்கும். புதிய ரத்த எண்ணிக்கை இயந்திரங்கள் சில, இளம் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் சேர்த்தே தரும். அது 29 பிக்கோகிராமுக்குக் கீழ் என்றால் கடந்த சில நாட்களில் மஜ்ஜைக்கு இரும்பு எட்டவில்லை.

மூன்றாம் தாள்: ஹீமோகுளோபின் 8.4, எம்.சி.வி. 108, வெள்ளையணு 2,300, தட்டணு 70,000. இதில் ஃபெரிட்டினைத் தேட வேண்டியதே இல்லை. மூன்று வகை அணுக்களும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. நோயாளி அன்றைக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறோம்.

தாளில் அழற்சியைக் காட்டும் இன்னொரு எண்ணும் ஏமாற்றும்: ஈ.எஸ்.ஆர். சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்பதே அந்த அளவு. அணுக்கள் குறைந்தால் படிவது வேகமாகும். எனவே ரத்தசோகை இருந்தாலே ஈ.எஸ்.ஆர். ஏறிவிடும். மூட்டு அடங்கியிருந்தும் ஈ.எஸ்.ஆர். 60 நிற்கிறதே என்று மருந்தைக் கூட்டுவது இப்படித்தான் நடக்கிறது. ரத்தசோகை உள்ளவருக்கு சி.ஆர்.பி.யையும், விரல்களை அழுத்திப் பார்க்கும் மருத்துவரின் கையையும் நம்புவதே மேல்.

வலி மாத்திரையும் கசியும் குடலும்

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தினம் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி ரத்தம் குடலில் கசிந்தால் 2.5 மில்லிகிராம் போகிறது. குடல் உறிஞ்சித் தருவதைவிட அதிகம். இந்த அளவு கசிவு கண்ணுக்குத் தெரியாது. மலம் கறுத்துப் போக 50 மில்லிக்கு மேல் ரத்தம் இறங்க வேண்டும். ‘எனக்கு வயிற்று வலியே இல்லையே’ என்பதும் ஆறுதல் இல்லை. வலி மாத்திரை வயிற்று வலியையும் மறைக்கும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சன், இண்டோமெதாசின் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பையில் புண் உண்டாக்குவதோடு சிறுகுடலிலும் சிறு அரிப்புகளை உண்டாக்கும். அங்கே சாதாரண எண்டோஸ்கோப்பி எட்டாது.

நம் மருந்துக்கடைப் பழக்கம் இதை மோசமாக்குகிறது. மருத்துவர் எழுதிய அசெக்ளோஃபெனாக் ஒரு பெயரில். தாங்க முடியாத நாளுக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்–பாரசிட்டமால் கலவை வேறு பெயரில். பல்வலிக்கு யாரோ கொடுத்தது மூன்றாவது பெயரில். மூன்றும் ஒரே வேலை செய்யும் மாத்திரைகள் என்பது அட்டையின் பின்புறச் சிறு எழுத்தைப் படித்தால்தான் தெரியும். கூடவே பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு ஓடினால் புண் வரும் வாய்ப்பு பல மடங்கு. இதயத்துக்காக 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சேர்ந்தால் இன்னும் கூடும். எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரை இரைப்பைக்குக் கொஞ்சம் சாது; ஆனால் ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று வேறு இடத்தில் கணக்குக் கேட்கும். பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை இரைப்பைப் புண்ணைத் தடுக்கும். சிறுகுடல் அரிப்பைத் தடுக்காது. அமிலத்தைக் குறைப்பதால் இரும்பு உறிஞ்சலையும், வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உறிஞ்சலையும் குறைக்கும். அதற்காக அதை நிறுத்திவிடக் கூடாது. வலி மாத்திரை ஓடும்வரை அதுவும் ஓட வேண்டும். முதலில் குறைக்க வேண்டியது வலி மாத்திரையைத்தான்.

இரும்புக் குறைபாடு உறுதியானால் விசாரணை இப்படிப் போகும். மாதவிடாய் நிற்காத பெண் என்றால் முதலில் உதிரப்போக்கின் அளவு. கர்ப்பப்பைக் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரைப்பை, பெருங்குடல் இரண்டுக்கும் எண்டோஸ்கோப்பி தேவை. ‘வலி மாத்திரை சாப்பிடுகிறார், அதனால்தான்’ என்று பெருங்குடலைப் பார்க்காமல் விட்டு, புற்றுநோய் பிந்திப் பிடிபடுவது வேதனையான தவறு. இரைப்பைப் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கு மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்வதாக இருந்தால் அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையெனில் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். அந்த இடைவெளியில் வலி மாத்திரையும் வேண்டாம். வெறும் காலோடு வயலில் நடப்பவர்களுக்குக் கொக்கிப் புழுவையும் மறக்கக் கூடாது.

இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அது கெட்டியாக, கரும்பச்சை சாயலில் இருக்கும். ரத்தத்தால் கறுத்த மலம் தார் போலப் பிசுபிசுத்து, தாங்க முடியாத நாற்றம் அடிக்கும். இரண்டாவது வகை என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

மெத்தோட்ரெக்சேட்: வாரம் ஒரு முறை

முடக்குவாதத்தின் அடிப்படை மருந்து இதுதான். சரியாகச் சாப்பிட்டால் அழற்சியைத் தணித்து ரத்தசோகையையே குறைக்கும். வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம். வாரத்துக்கு என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. இதைத் தினமும் சாப்பிட்டு வாய் முழுவதும் புண்ணாகி, காய்ச்சலோடு வந்து, அணுக்கள் எல்லாம் சரிந்து உயிரிழப்பதுவரை போகிறது. மூன்றாம் தாளின் கதை பெரும்பாலும் இது. சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் எழுதாமல் ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று கிழமையைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. கிழமை மாறிப்போனால் இரண்டு அளவை ஒன்றாகச் சாப்பிடுவதும் கூடாது.

தினமும் சாப்பிடாதவர்களுக்கும் இது நேரலாம். மருந்து சிறுநீர் வழியே வெளியேறுகிறது. வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர், வயிற்றுப்போக்கில் வறண்டு போனவர் உடம்பில் அது தங்கிவிடும். இன்னொரு பொறி, கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக். சிறுநீர்த் தொற்றுக்கு எளிதில் எழுதப்படுவது. அதில் உள்ள டிரைமெத்தோபிரிமும் மெத்தோட்ரெக்சேட்டைப் போலவே ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை நின்றுபோகலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக ‘மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிடுவது நல்லது. நஞ்சு ஏறிவிட்டால் மாற்று மருந்து ஃபோலினிக் அமிலம், சாதாரண ஃபோலிக் அமிலம் அன்று.

சாதாரண ஃபோலிக் அமிலத்தின் வேலை முன்கூட்டியே காப்பது: வாரத்துக்குக் குறைந்தது 5 மில்லிகிராம், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடாத நாளில் என்பது வழக்கம். அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் பெண்களுக்கு வாரம் ஒருமுறை தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலம்தான் இருக்கிறது. அது இதற்கு ஈடாகாது. மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். பிறகு 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை. எம்.சி.வி. மட்டும் 101, 102 என்று மெல்ல ஏறி, மற்ற அணுக்கள் சரியாக இருந்தால் பதறத் தேவையில்லை. பி12 அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். பால், தயிரும் குறைவாகவே சேர்க்கும் சைவர்களுக்கும் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பி12 குறைவது சாதாரணம். பி12 குறைந்த நிலையில் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறுவதுபோலத் தெரியும். நரம்பு கெடுவது நிற்காது.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சல்ஃபாசலசின், ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்களை உடைக்கும். அசாத்தையோபிரின் சாப்பிடுபவருக்கு யூரிக் அமிலத்துக்காக அலோபியூரினால் சேர்ந்தால் மஜ்ஜை அடங்கிவிடும். டோஃபாசிடினிபை ஹீமோகுளோபின் 9க்குக் கீழ் இருக்கும்போது தொடங்கக் கூடாது: அது தடுக்கும் ஜேக் நொதிக் குடும்பத்தின் வழியாகத்தான் எரித்ரோபோயட்டினும் மஜ்ஜையிடம் பேசுகிறது. இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் இதற்கு நேரெதிர். ஹெப்சிடின் இறங்கி, சில வாரத்திலேயே ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கும். ஆனால் அந்த ஊசி போடுபவருக்கு சி.ஆர்.பி. எப்போதும் தாழ்ந்தே இருக்கும். கிருமித் தொற்று இருந்தாலும்தான்.

பட்டியலில் இல்லாதவை

எம்.சி.வி. 66, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம், ஹீமோகுளோபின் 10.8 என்று ஒரு தாள் வந்தால் அது இரும்புக் குறைபாடு போலத் தோன்றும். எம்.சி.வி.யை எண்ணிக்கையின் மில்லியன் அளவால், அதாவது 5.6ஆல், வகுத்தால் 11.8. இது 13க்குக் கீழ் இருந்தால் பிறவியிலேயே வந்த தலசீமியா கீற்று (பரம்பரை ஹீமோகுளோபின் குறையின் லேசான வடிவம்) என்று சந்தேகிக்கலாம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் ஏறத்தாழ உறுதி. கூடவே இரும்பும் குறைந்திருந்தால் ஏ2 தாழ்ந்து காட்டும். இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இவர்களுக்கு 10.8 என்பது வாழ்நாள் எண். வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பது வீண் மட்டுமல்ல, கெடுதலும்.

நாட்டு மருந்தும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. முடக்குவாதக்காரர் எல்லாப் பக்கமும் வைத்தியம் தேடுபவர், அதில் தவறில்லை. உலோகம் சேர்ந்த, முறையாகச் சுத்தி செய்யாத சில பற்பங்களிலும் செந்தூரங்களிலும் ஈயம் தங்கியிருக்கும். வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகை மூன்றும் சேர்ந்து வந்து, ரத்தப் படலத்தில் சிவப்பணுக்களின் மேல் நீலப் புள்ளிகள் தெரிந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டும். பெயர் ஒட்டாத பொட்டலப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. மூன்றே நாளில் வலி பறந்துபோனது என்றால் அதுதான் முதல் சந்தேகம்.

சிறுநீரகம் தளர்ந்தால் எரித்ரோபோயட்டின் குறையும். கிரியாட்டினின் பார்க்காமல் ரத்தசோகைப் பரிசோதனை முடியாது. தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இரும்பை எப்படிக் கொடுப்பது

குறைபாடு உறுதியானவர்களுக்கு மட்டும். 60 முதல் 100 மில்லிகிராம் தனி இரும்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு. மூன்று வேளை கொடுத்த பழைய முறைக்கு இப்போது நியாயம் இல்லை: ஒரு மாத்திரை போனாலே ஹெப்சிடின் ஏறி ஒரு நாள்வரை நிற்கும், அதற்குள் போடும் அடுத்த மாத்திரை உறிஞ்சப்படாமல் குடலைத்தான் எரிக்கும். காபி, டீ ஒரு மணி நேரம் தள்ளி. முடக்குவாதத்தில் எலும்புத் தேய்மானத்துக்காகக் கொடுக்கும் கால்சியம் மாத்திரை குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி, தைராய்டு மாத்திரை நான்கு மணி நேரம் தள்ளி. மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவில்லை என்றால் மாத்திரையின் கம்பெனியை மாற்றுவதில் பயனில்லை. கசிவு தொடர்கிறது, அல்லது அழற்சிப் பூட்டு இன்னும் திறக்கவில்லை.

பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை மேல் நம் வீடுகளில் உள்ள நம்பிக்கை அலாதியானது. 100 கிராம் பேரீச்சையில் இருப்பது ஏறத்தாழ 1 மில்லிகிராம் இரும்பு. பீட்ரூட்டில் அதற்கும் குறைவு. அதில் உறிஞ்சப்படுவது சிறு பங்கு. சாப்பிடுபவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் ஒப்பிடவே முடியாத அளவு மேல்.

சி.ஆர்.பி. உயர்ந்தே இருப்பவர்களுக்கும் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் நரம்பு வழி இரும்பு நல்ல வழி; குடலின் பூட்டை அது தாண்டிப் போகிறது. அளவுக்கு ஒரு பழைய கணக்கு: உடல் எடையை, எட்ட வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இப்போதுள்ளதற்குமான வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்ட வேண்டும். 55 கிலோ எடையுள்ளவர் 9லிருந்து 13க்கு வர, 528 கூட்டல் 500, ஆக 1,028 மில்லிகிராம். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் ஒரே தடவையில் 1,000 மில்லிகிராம் வரை கால் மணி நேரத்தில் ஏற்றலாம். இரும்பு சுக்ரோஸ் என்றால் 200 மில்லிகிராமாக ஐந்து தடவை. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஏற்றக் கூடாது. ஏற்றிய ஓரிரு நாளில் மூட்டு கொஞ்சம் கனன்று அடங்குவது உண்டு. கார்பாக்ஸிமால்டோஸ் ஏற்றிச் சில வாரம் கழித்து எலும்பு வலி, தசைச் சோர்வு என்று வந்தால் முடக்குவாதம் கிளம்பிவிட்டது என்று ஸ்டீராய்டைக் கூட்டுமுன் ரத்தத்தில் பாஸ்பேட் பார்க்க வேண்டும். இந்த மருந்து அதைச் சிறுநீரில் விரயமாக்கும்.

ரத்தம் ஏற்றுவது ஹீமோகுளோபின் 7க்குக் கீழ் போனவர்களுக்கு. இதய நோய் இருந்தால் 8. ஒரு யூனிட் ஏறத்தாழ 1 கிராம் ஏற்றும். காரணத்தைத் தொடாததால் அந்த ஏற்றம் நிற்காது. எரித்ரோபோயட்டின் ஊசி அழற்சி ரத்தசோகையில் ஹீமோகுளோபினை ஏற்றத்தான் செய்யும். ரத்தம் உறையும் அபாயத்தாலும் விலையாலும், சிறுநீரகம் பழுதானவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது அரிதாகவே எழுதப்படுகிறது.

முழங்கால் மாற்று அறுவைக்கு நாள் குறிப்பவர்கள் குறைந்தது 4 முதல் 6 வாரம் முன்பே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். முந்தின வாரம் பார்த்தால் ரத்தம் ஏற்றுவதைத் தவிர வழி இருக்காது. மெத்தோட்ரெக்சேட்டை மூட்டு அறுவைக்காக நிறுத்த வேண்டியதில்லை. டோஃபாசிடினிப் மூன்று நாள் முன்பு நிற்க வேண்டும். வலி மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று அறுவை மருத்துவரைக் கேட்க வேண்டும். அறுவை முடிந்த பிறகு சில வாரம் அந்தக் காயத்தின் அழற்சியே ஃபெரிட்டினையும் ஹெப்சிடினையும் உயர்த்தி வைத்திருக்கும். அந்தக் காலத்தில் எடுக்கும் ஃபெரிட்டினுக்குப் பொருள் இல்லை, விழுங்கும் இரும்பு மாத்திரையும் பெரிதாக உறிஞ்சப்படாது. ஏற்ற வேண்டியதை முன்னாலேயே ஏற்றிவிட வேண்டும்.